வெட்டப்படாத ராணி

எங்கள் ஷூ கம்பெனியில் வருஷா வருஷம் செஸ் போட்டி நடக்கும். கடைசி ஆட்டம் எப்போதும் எனக்கும் மேனேஜருக்கும்தான். தொழிலாளிகளில் நான்தான் சூரன். ஆனால் அவர் காலேஜ் நாளில் மாநில அளவில் ஆடியவர். டீ ஆறுவதற்குள் என்னை முடித்துவிட்டு, "இன்னாய்யா, அவ்ளோதானா?" என்று கேன்டீனே கேட்கும்படி சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அந்தச் சிரிப்புக்காக ஏங்கினேன்.

வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய் ஒரு லைனை மூடிவிட்டார்கள். ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு மேனேஜருடையது. போன மாதம் ஒருநாள் நல்ல மழை. என் பக்கத்து மெஷின்காரரைத் தன் காரிலேயே நாட்றம்பள்ளி வரை கொண்டுபோய் விட்டார். "தங்கமான மனுஷன்பா" என்று அவர் எனக்குப் போன் போட்டு உருகினார். மறுநாள் அந்த மெஷின்காரருக்கு வேலை இல்லை. அடுத்தது யார் என்று எல்லோருக்கும் உள்ளூர உதறல்தான். எனக்கும்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் கேன்டீனில் கூடினார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, பதற்றத்தில் என் ராணியை அவர் குதிரைக்கு இரையாக வைத்துத் தொலைத்தேன். வெட்டினால் கதை முடிந்தது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார்.

"பொறுமையா ஆடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

ஒருவேளை கவனிக்கவில்லையோ? சோதித்துப் பார்க்க என் யானையை அவர் ராணிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். வெட்டு சாமி, வெட்டிவிட்டுச் சிரி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் அதைத் தொடவே இல்லை. எனக்கு டீயும் பிஸ்கட்டும் சொன்னார்.

கடைசியில் தன் ராஜாவைத் தப்ப வழியில்லாத மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் ஒரு காயை நகர்த்தினால் செக்மேட். கை எழவில்லை. வேண்டுமென்றே வேறொன்றை நகர்த்தினேன். அவரும் ராஜாவை அங்கேயே விட்டுவைத்தார். சுற்றி நின்ற எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணே பாத்துக்னு இருக்க? மேட் வெச்சுடுண்ணே!"

வைத்தேன். விசில் பறந்தது. யார் யாரோ முதுகில் தட்டினார்கள். மேனேஜர் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல வேற யாராச்சும் வேலைக்குப் போறாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"நான் மட்டுந்தான் சார்."

அவர் கையை விடவில்லை.