தலையில கை வைச்ச ரோமாபுரிப் பொம்பிளை

பழைய காசு விக்கிற தொழிலில, காசை இனங்காணுறது லேசு. காசில நிக்கிறவை கையால என்ன சொல்லினம் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் பெரிய தலையிடி. வேற சனத்தின்ர கையசைப்பு விளங்காமல் முழிச்ச ஆக்களே, என்ர பாடு உங்களுக்கெண்டாலும் விளங்கும்.

தொண்ணூறுகளில டொரொன்ரோ டவுன்டவுனில ஒரு காசுக்கடையில சேர்ந்தன். அதுக்கு முதல் ரெஸ்ரோரன்ற் ஒண்டில கோப்பை கழுவினனான். முதலாளி மார்த்தா, வெள்ளைக்காரி, சிரிக்கத் தெரியாத மனுசி. "டிசம்பரில நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பார்ப்பன், சரிவந்தால் வேலை நிரந்தரம்" எண்டு சொல்லிப்போட்டா. திரும்பவும் கோப்பை கழுவப் போகக்கூடாது எண்டதுதான் என்ர ஒரே வேண்டுதல். ஒவ்வொரு ரோமாபுரிக் காசிலையும் என்ன படம் இருக்கெண்டு சின்ன மட்டையில எழுதி வைக்கிறது என்ர வேலை.

குதிரையில வந்தவர்

முதல் காசில ஒரு ராசா குதிரையில இருந்து வலக்கையைத் தூக்கிறார். எங்கட கோயிலில உப்பிடிக் கை தூக்கினால் அது ஆசீர்வாதம்தானே? அப்பிடியே எழுதினன். மார்த்தா மட்டையைக் கிழிச்சா. ராசா ஊருக்குள்ள வாறாராம், சனத்துக்கு வணக்கம் சொல்லுறாராம்.

அடுத்த காசில குதிரை இல்லை. மேடையில நிண்டு அதே கையைத் தூக்கிறார். சரி, இதுவும் வணக்கம் எண்டு எழுதினன். இல்லையாம், பட்டாளத்துக்குப் பிரசங்கம் வைக்கிறாராம். அட கடவுளே, கை ஒண்டுதானே! ஒவ்வொரு சனியும் வந்து ஒண்டும் வாங்காமல் போற கிழவர் ஒருத்தர் குனிஞ்சு பார்த்துப்போட்டுச் சொன்னார்: "எனக்கெண்டால் பஸ்ஸை மறிக்கிற மாதிரித்தான் கிடக்கு."

செத்த வீடு

ஒரு பொம்பிளை தூணில சாய்ஞ்சு, ஒரு கையைத் தூக்கித் தலையில வைச்சுக்கொண்டு நிக்கிறா. இதில எனக்குச் சந்தேகமே வரேல்ல. தலையில கை வைச்சால் எங்கட ஆக்களுக்கு ஒரே அர்த்தம், குடி முழுகிப்போச்சு. பாவம், புருசன் செத்திட்டான் போல எண்டு நினைச்சு, துக்கம் எண்டு இங்கிலிசில எழுதினன்.

மார்த்தா என்னை ஏற இறங்கப் பார்த்தா. அது செக்யூரிட்டியாம்! ஒரு பயமும் கவலையும் இல்லாத பாதுகாப்புத் தெய்வமாம், ஆறுதலா நிக்கிறாவாம். "எங்கட சனம் தலையில கை வைச்சால் பக்கத்து வீட்டாக்கள் ஓடிவந்திடுவினம்" எண்டு சொல்லிப் பார்த்தன். அவ சிரிக்காமலே சொன்னா: "இன்னொருக்கா இப்பிடி எழுதினால் நீயும் தலையில கை வைக்கலாம், உங்கட முறையில."

கை குடுத்த காசு

நிஸாம் நானா இலங்கை முஸ்லிம் ஆள், மார்க்கம் எண்ட பக்கத்து நகரத்தில எலெக்ரிக் வேலை செய்யிறவர். தன்ர ரெண்டு மருமகன்மாரும் சேர்ந்து கடை திறக்கினமாம், அன்பளிப்புக்கு ஒரு காசு வேணுமெண்டார். ரெண்டு கை ஒண்டையொண்டு பிடிச்சிருக்கிற காசை எடுத்துக் குடுத்தன். "ஒற்றுமை நானா, இதில பிழைவர இடமே இல்லை" எண்டும் சொன்னன்.

அவர் போன பிறகுதான் மார்த்தா வாயைத் திறந்தா. அந்தக் காசை அடிச்சவை ஒரே நேரத்தில அரசாண்ட ரெண்டு ராசாக்களாம். ஒருத்தரை ஒருத்தர் நம்பேல்லையாம், சனத்துக்குக் காட்டத்தான் உந்தக் கையாம். கடைசியில ரெண்டு பேரையும் ஒண்டாவே கொலை செய்துபோட்டாங்களாம். நானா முறைப்பாட்டோட வந்தால் வேலை துலைஞ்சுது!

நத்தாருக்குக் கிட்ட வந்தார். மார்த்தாவும் பக்கத்தில நிக்கிறா. நானா தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "காசு நல்ல காசுதான் தம்பி, அவனுகள் ரெண்டு பேரும் இப்ப வேற வேற கடைல இரிக்கிறானுகள், மத்தவனுக்கும் ஒண்டு தாங்க."

நத்தாருக்கு முதல்நாள்

கடை பூட்டுற நேரம் மார்த்தா என்னைக் கூப்பிட்டு வலக்கையை நீட்டினா. ஐயோ! இது வணக்கமோ, போயிட்டு வா எண்டதோ, இல்லாட்டி அந்த ரெண்டு ராசாக்களின்ர கையோ? முகத்தில ஒரு குறிப்பும் இல்லை. கோப்பை கழுவுற தொட்டியும் சவுக்காரத் தண்ணியும் கண்ணுக்கு முன்னால வந்திச்சு. பின்னால நகர்ந்து, அலுமாரியில சாய்ஞ்சு, என்னை அறியாமலே தலையில கையை வைச்சிட்டன்.

மார்த்தா என்னைப் பார்த்தா, நான் சாய்ஞ்ச அலுமாரியைப் பார்த்தா. அவ சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டன். "அட, வேலை நிரந்தரமெண்டு நான் சொல்ல முதலே உனக்குத் தெரிஞ்சிட்டுதே!"

இப்பவும் வீட்டில நான் தலையில கை வைச்சால், என்ர மனுசி அடுப்படியில நிண்டபடியே கேக்கிறா, "எங்கட முறையோ, ரோமாபுரி முறையோ?"