பிரேக்குக்கு விட்ட எண்ணெய்

தொண்ணூறுகளில் என் மனைவி தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு மொபெட்டில் போய்வந்தாள். நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். உராய்வைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொபெட்டுக்குப் புது பிரேக் ஷூ போட்டுக் கொடுத்த மெக்கானிக், "மொதல்ல கத்துமுங்க. ஆளில்லாத ரோட்டுல ஓட்டி, மெதுவா அமுத்தி அமுத்தி உடுங்க. டிரம்முல நல்லா உக்காந்துச்சுன்னா அதுவே வாய மூடிக்கும்" என்றார். அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

உக்கடம் குளக்கரைச் சாலையில் நாலு தடவைதான் பிரேக்கை அமுக்கியிருப்பேன். டீக்கடையில் நின்ற ஒருவர், "ஏனுங்க, சக்கரத்துல ஆட்டுக்குட்டி ஏதாச்சும் சிக்கிப்போச்சுங்களா?" என்று கேட்டார். அதோடு வீடு திரும்பிவிட்டேன். மனைவியிடம், எல்லாம் சரி செய்தாகிவிட்டது என்றேன்.

மறுநாள் மாலை அவள் வந்து நின்றாள். "நான் ஸ்கூல் கேட் பக்கம் வரும்போதே புள்ளைங்க எந்திரிச்சு வணக்கம் சொல்லுதுங்க. அம்புட்டுச் சத்தம். என்னத்தைச் சரி பண்ணுனீங்க?"

அவள் சமையலறைக்குப் போனதும், தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து இரண்டு சக்கரத்து டிரம்மின் இடுக்கிலும் தாராளமாக விட்டேன். சத்தம் அடியோடு நின்றது. உராய்வும் நின்றது என்று என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை வண்டி பள்ளிக்கூட வாசலில் நிற்காமல், கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் நின்றது. அவளுக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய், "என்ன வேலை பாத்துவெச்சிருக்கறீங்க?" என்று கத்தினாள்.

அவர் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை முகர்ந்தார். என் வழுக்கைத் தலையை ஒருதரம் பார்த்தார். என் காதோரம், "ஏனுங்க வாத்தியாரே, தலைக்கு வெக்க வழியில்லாம இதுக்கு வெச்சுப்போட்டீங்களா?" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "ஷூ சரியில்லீங்க அம்மணி. என் தப்புத்தானுங்க. வேற போட்டுத் தாரேன்" என்றார்.



அவள் அந்த வாரமே ஆசிரியர் அறை முழுக்க விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதுவரை அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்த ஆறு டீச்சர்களும் வேறு கடைக்கு மாறினார்கள். என் ஸ்கூட்டரை மட்டும் நான் அவரிடமே விட்டேன். அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் கடை முன்னால் வண்டிகள் குறைந்துகொண்டே வந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

எண்ணெய் விட்டது நான்தான் என்று ஓராண்டு கழித்துத்தான் மனைவியிடம் சொன்னேன். முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "காலேஜுல இதையா சொல்லிக் குடுக்கறீங்க?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மனுசனப் போயி ஊரெல்லாம் பேசிப்போட்டனேங்க" என்றாள்.

மறுநாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். நான் பின்னால் நின்றேன். ஆறு டீச்சர்களிடமும் தனித்தனியாக உண்மையைச் சொன்னாள். இரண்டு பேர் அவரிடம் திரும்பி வந்தார்கள். மற்ற நாலு பேரும், இப்போது விடும் கடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.