எட்டால் வகுத்தால்

வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். மகள் தேர்வுக்குக் கிளம்புகிறாள். அவளுடைய பதிவு எண்ணை என் விரல்கள் கூட்டிக்கொண்டே இருக்கின்றன, நிறுத்த முடியவில்லை. அப்பா கொடுத்துவிட்டுப் போன வியாதி இது.

அக்காவின் பிளஸ் டூ தேர்வன்று அப்பா வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தார். அவள் பதிவு எண் 4720193. கூட்டினால் இருபத்தாறு, அதையும் கூட்டினால் எட்டு. சனியின் எண்.

"இந்த வருஷம் வேணாம்மா. தெரிஞ்சே கெணத்துல விழுவாங்களா?"

"எண்ணையா எழுதப் போறா? பரீட்சைய எழுதப் போறா, வுடுங்க" என்றாள் அம்மா. கவனிப்பாரின்றி ரசம் பொங்கி வழிந்து, வீடெல்லாம் தீய்ந்த புளி வாடை.

அக்கா சாக்கட்டியால் தரையில் வகுத்துக் காட்டினாள். "கூட்டினா எட்டுன்னா, ஒம்போதால வகுத்தா மீதி எட்டுன்னு அர்த்தம். அவ்ளோதாம்பா. வேற எண்ணால வகுத்தா மீதியும் வேற."

"அப்ப அந்த எட்டாலயே வகு!"

வகுத்தாள். மீதி ஒன்று.

"ஒண்ணா? சூரியனாச்சே! கெளம்பு, கெளம்பு, பஸ்ஸு போயிடும்!"

இதே நிறுத்தத்தில் பஸ் வந்ததும் அப்பா மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸின் எண் கண்ணில் பட்டால் மறுபடியும் கூட்டத் தொடங்கிவிடுவாரே!

இதோ, மகளின் பஸ் வருகிறது. நானும் திரும்பிக்கொள்கிறேன்.