குலுக்கிப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

எடை குறைந்த சரக்கை நான் நம்புவதில்லை. இதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வீட்டில் வியாதி என்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் முதுகுளத்தூரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் சில வருஷம் நின்றேன். அங்கே மூட்டையின் வாயைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. மேலாக நாலு படி வத்தல் சிவப்பாக, குண்டு குண்டாக, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அடியில் வெளுத்துப்போன சண்டு கிடக்கும். சட்டைக்கையை ஏற்றிவிட்டு, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்க வேண்டும். விதை கலகலவென்று பேசினால் காய்ந்த சரக்கு. பேசாவிட்டால் தண்ணீர் தெளித்திருக்கிறான். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு கடிகாரம், டார்ச் லைட், குக்கர் எல்லாவற்றையும் குலுக்கிப் பார்த்தே வாங்கிவந்தேன்.

"என்னைய மட்டும் எப்புடிங்க குலுக்கிப் பாக்காமக் கட்டிட்டு வந்தீக?" என்று என் மனைவி கேட்பாள். உங்கள் அய்யா பக்கத்திலேயே நின்றார் என்பேன்.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற வழியில், ஒரு சந்துக்குள் எங்கள் கடை. ஒற்றை ஷட்டர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று மனுஷனுக்கு வரக்கூடிய எல்லாவற்றுக்கும் அச்சடித்துக் கொடுப்போம் என்று போர்டில் எழுதியிருந்தது. போர்டில் எழுதாத ஒன்று, முதலாளியான எனக்கு டைப் அடிக்கத் தெரியாது என்பது. ஆள்காட்டி விரல் இரண்டையும் வைத்துக்கொண்டு எழுத்தைத் தேடுவேன். ஒரு வரி முடிவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பொறுமை போய்விடும். என் மனைவி தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ். கீபோர்டைப் பார்க்கமாட்டாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டே நாலு தலைமுறை உறவுமுறையையும் பிழையில்லாமல் அடித்துவிடுவாள். வாடிக்கைக்காரரிடம் பேசுவது, பத்திரிகையின் மூலையில் பிள்ளையாரை உட்காரவைப்பது, ஆப்செட் பிரஸ்ஸுக்கு ஓடுவது, இதெல்லாம் என் பொறுப்பு. அதாவது, தொழில் அவளுடையது. ஷட்டரைத் தூக்குகிறவன் நான்.

அந்த வருஷம் ஆடி மாசம் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. திறந்து பார்த்தால் உப்புக் காற்றில் உள்ளே பச்சைப் பாசியே பிடித்திருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே ஊரெல்லாம் மின்வெட்டு. கடைத்தெருவில் கரண்டு இருக்கும்போது எங்கள் தெருவில் இருக்காது. தெருவில் வந்தால் கடைத்தெருவில் போய்விடும். நடக்கக்கூடத் தெரியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கும் கடைக்குமாகக் கரண்டைத் துரத்திக்கொண்டு திரிந்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது சின்ன சைஸில் கம்ப்யூட்டர் வருகிறதாமே, அதில் ஒன்று வாங்கினால் என்ன? பழைய மானிட்டர் கடையில் இருக்கட்டும். வீட்டுக்குப் பழைய சாமான் விலையில் இன்னொரு மானிட்டர். பெட்டியை மட்டும் மொபெட்டில் வைத்துக்கொண்டு கரண்டு இருக்கிற பக்கம் போகலாம். வீட்டுக்கும் ஆச்சு, தொழிலுக்கும் ஆச்சு.

யோசனையைக் கேட்டுவிட்டு அவள் மூலையில் கிடந்த பிரிண்டரைப் பார்த்தாள். இதற்கு முன்னால் நான் மதுரையிலிருந்து வாங்கிவந்த பிரிண்டர் எல்லா மணப்பெண்ணையும் ரோஸ் கலரில் அடித்தது. நான் வாங்கிய யு.பி.எஸ். கரண்டு போனால் சும்மா இருக்கும், கரண்டு வந்தால் கத்தும்.

"இங்க பாருங்க," என்றாள். "எதிர்க் கடையில டைப்பிங்குக்கு ஆள் வேணும்னு என்னையக் கேட்டுக்கிட்டே இருக்காக. இந்தத் தடவையும் நீங்க கோட்டை விட்டீகன்னா ஆவணிக்கு நான் அங்கன போய் உக்காந்துருவேன். சம்பளமாச்சும் கெடைக்கும்."

ஆவணி என்றால் எங்கள் தொழிலுக்கு அறுவடை. ஆடியிலேயே ஆர்டர் வந்து குவியும். எங்களைப் போலவே பத்திரிகை அடிக்கிற எதிர்க் கடைக்கு அவள் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது ஷட்டரும் இரண்டு ஆள்காட்டி விரலும்தான்.

கம்ப்யூட்டர் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் திருப்பாலைக்குடிக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்தவர். சின்ன வயசு, நல்ல சிரிப்பு. சிரிக்கிற வியாபாரி என்றாலே எனக்கு ஆகாது. மேசை மேல் ஒன்றை வைத்துக் காட்டினார். இரண்டு செங்கலை ஒட்டி வைத்த அளவு.

"மத்ததெல்லாம் எங்க தம்பி?"

"மத்தது எதுண்ணே?"

"மத்த பாகம். இது தலை மாதிரில்ல இருக்கு. உடம்பு எங்க?"

"அம்புட்டும் இதுக்குள்ளதாண்ணே இருக்கு."

அதன் வாலில் ஒரு கறுப்பு டப்பா தொங்கியது. கரண்டு இதன் வழியாகத்தான் போகும் என்றார். அதை ஏன் வெளியே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். சூடு உள்ளே போகக் கூடாது என்றார். சொந்த உறுப்பையே நம்பி உள்ளே வைக்காத மெஷினை நான் எப்படி நம்புவது?

"சரி, போட்டுக் காட்டுங்க."

"போட்டாச்சுண்ணே. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

சத்தமே இல்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டரைப் போட்டால் பக்கத்துச் சைக்கிள் கடையில் கேட்கும். உழைக்கிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கும். இது குறட்டைகூட விடவில்லை.

இதற்குள் என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பன்மார், சித்தப்பன்மார், மாமன்மார், சகலை வரிசை என்று ஒரு முழுப் பத்திரிகையை மனசிலிருந்தே அடித்தாள். ஒரு ஃபோட்டோவைத் திறந்தாள், இழுத்தாள், மூடினாள். அந்தச் செங்கல் அவள் விரலுக்கு ஈடு கொடுத்தது.

"இது போதுங்க. எடுத்துருவோம்," என்றாள்.

அவ்வளவு சுலபமாக ஒரு சாமான் வாங்கினால் ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா? கடைக்காரர் அதை நிறுத்தியதும் கையில் எடுத்தேன். லேசு. காதருகே கொண்டுபோய்க் குலுக்கினேன்.

"அண்ணே! அண்ணே! ஆட்டாதீங்கண்ணே!"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஈரச் சரக்கு!

மேசை மேல் இருப்பது மூட்டையின் வாய், அடியில் கை விடவேண்டும் என்று மூளை சொல்லிவிட்டது. கடையின் பின்பக்கம் சுவர் ஓரமாக அதே மாடல் அட்டைப்பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. போய் ஆக அடியில் இருந்ததை உருவினேன்.

"அது வேணாம்ணே. மேல உள்ளதை எடுத்துக்கங்க. அந்தச் செவுரு மழைக்கு ஓதம் அடிக்கும். அடிப்பொட்டிய நானே இன்னும் பாக்கல."

வேண்டாம் என்கிறார் என்றால் அதுதான் நல்ல சரக்கு, வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார். பெட்டியோடு சேர்த்துக் குலுக்கினேன். உள்ளே கலகலவென்று ஒரு சத்தம். ஆகா! என்ன மாதிரிக் காய்ந்திருக்கிறது!

"தம்பி, இதுதான் வேணும்."

"அண்ணே, எங்க ஊர்ல கூடையில மேல கெடக்கிற மீனைத்தான் எடுப்பாக. அடியில உள்ளது நசுங்கி, ஐஸ் தண்ணியில ஊறிப்போய்க் கெடக்கும்."

"அது கடக்கரையில தம்பி. எங்க பக்கம் அடிமூட்டையப் பாத்துத்தான் வெலை."

"இது மீனும் இல்ல, மொளகாயும் இல்லண்ணே. கம்ப்யூட்டரு." அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, போட்டுப் பாத்துட்டாச்சும் எடுத்துட்டுப் போங்க."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்டு போய்விட்டது. அவருடைய யு.பி.எஸ்.ஸும் நான் வாங்கினது போலத்தான் போலிருக்கிறது, மூச்சு விடவில்லை. கரண்டு வருகிறவரை இருங்கள், சோதித்துத் தருகிறேன் என்றார். இருட்டுக் கடையில், அவர் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நான் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதா? மாற்றிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்போதே வேண்டும் என்றேன்.

"பேசாம அந்த மேல உள்ளதையே எடுங்க," என்றாள் அவள் மெதுவாக.

வியாபாரத்தில் பெண்டுபிள்ளை பேசக் கூடாது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் உள்ளே கலகலத்தது.

"உள்ள என்னமோ கழண்டு ஓடுதுங்க."

"அதான் சரக்கு," என்றேன்.

சாயங்காலம் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது. வீட்டுக்கென்று வாங்கியிருந்த மானிட்டரில் மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன். இன்னொரு தடவை அமுக்கினேன். விளக்குகூட எரியவில்லை. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினாள். அடித்தகட்டில் துருவேறிய தண்ணீர்க் கறை. அரித்துப்போன பிடியிலிருந்து விடுபட்ட குட்டி ஃபேனின் இறக்கைத் துண்டும் ஒரு ஸ்க்ரூவும் உள்ளே உருண்டுகொண்டிருந்தன. என் காய்ந்த விதை.

"ஏமாத்திப்புட்டான் பாத்தியா!" என்றேன்.

"வாய் வலிக்க வேணாம் வேணாம்னாரு அவரு. அவரா ஏமாத்துனாரு?"

மூடியைத் திரும்ப மாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூங்கவைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் தலை வாரி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, "எதிர்க் கடைக்குப் போறேன்," என்று கிளம்பிவிட்டாள்.

நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே நின்றேன். எதிரே கண்ணாடிக் கதவுக்குள் அவள் தெரிந்தாள். எதிர்க் கடைக்காரர் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தார். டீ வரவழைத்தார். எத்தனை வருஷமாக எதிரில் இருக்கிறார், எனக்கு ஒரு வாய் தண்ணீர் தந்ததில்லை. ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னைப் பற்றித்தான், வேறென்ன? நான் காகிதம் அடுக்குவதுபோல அதே கட்டை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தார். "என்ன அண்ணே, வீட்டம்மா கடை மாறி ஏறிட்டாகளோ?"

"சும்மா போயிருக்கா. அக்கம்பக்கத்துப் பழக்கம்."

"வேகமாத்தான் பழகுறாக. விரல் பறக்குது."

இந்தச் சமயம் பார்த்து ஒரு கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவருக்குச் சரிபார்க்கக் காகிதம் தருவதாகச் சொல்லியிருந்தோம். வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது என்றேன். எங்கே ஓடுகிறது என்று அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசிச் சதுரம் மட்டும் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு அவள் ரோட்டைத் தாண்டி வந்தாள். கையில் காகிதம். நேரே பெண்ணின் தகப்பனாரிடம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க மாமா. சம்பந்தி வீட்டுப் பேரெல்லாம் சரியா இருக்கான்னு."

அவர் சாளேசுரக் கண்ணாடியைத் தேடும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவுக மெஷின்லதான் அடிச்சேன். காசு வாங்க மாட்டேன்னுட்டாக. அவுக தேங்கிக் கெடந்த பத்திரிகைய நான் முடிச்சுக் குடுத்தேன். சரியாப் போச்சு. நீங்க போய் அதை மாத்திட்டு வாங்க. கம்ப்யூட்டர் கடைக்காரரு கிட்டக் காலையிலேயே போன்ல பேசிட்டேன்."

"மாத்தித் தருவேன்னாரா?"

"மேல உள்ள பொட்டின்னா தருவேன்னாரு."

கடைக்காரர் அந்தச் சிரிப்போடுதான் இருந்தார். மேல் பெட்டியைப் பிரித்து, மாட்டி, ஓடவிட்டுக் காட்டினார். சத்தமில்லாமல் ஓடியது. "வேற எதுவும் பாக்கணுமாண்ணே?" என்றார். கை அரித்தது. பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். இவ்வளவு தங்கமாக நடந்துகொள்கிற மனுஷன் இதில் என்னதான் சம்பாதிக்கிறார் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

சாயங்காலம் வீட்டில் அது ஓடியது. பிள்ளை தூங்க, அவள் மூன்றாவது பத்திரிகையில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, எதையோ தேடுவதுபோலக் கேட்டேன்.

"எதிர்க் கடையில உன்னைய வேலைக்கு வரச் சொன்னாகளா?"

"சொன்னாக."

"நீ என்ன சொன்ன?"

"வீட்ல எம்புட்டுச் சம்பளம் தாராகன்னு கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். கண் திரையை விட்டு நகரவில்லை. விரலும் நிற்கவில்லை.

ஒன்றாம் தேதி சம்பளத்தை ஒரு கவரில் வைத்துக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி என்றோ போதாது என்றோ சொல்லவில்லை. எந்த முதலாளிக்கும் அந்த மௌனம் நல்லதாகப் படாது. ஆவணி முழுக்க எங்கள் கம்ப்யூட்டரில்தான் அடித்தாள். எதிர்க் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக் கையை உயர்த்துகிறார். ஒன்றாம் தேதி நெருங்கினால் கொஞ்சம் கூடவே சிரிப்பதாக எனக்கு ஒரு சந்தேகம்.