தாழிக்குள் கிடந்த பால் சங்கு

மண்டையோட்டை எடுத்து மை காய்ச்சினாளாம்! சொன்ன வாய் புண்ணாகப் போக. எந்த மண்டையோடு? கைக்குழந்தையின் மண்டை அத்தனை சீக்கிரம் ஒன்றாகக் கூடிவிடுமா? மண்ணில் கிடந்தால் தேங்காய் ஓடு உடைந்த மாதிரி சில்லு சில்லாகத்தான் பிரியும். குப்பம்மா வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சில்லுகளைத்தான். மை போட்டு அவள் புதையல் பார்த்திருந்தால், கேழ்வரகுக் கூழுக்கு ஏன் கருவாட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்? இத்தனை தலைமுறை போயும் பழவேற்காட்டுப் பக்கம் இந்தப் பேச்சு ஓயவில்லை. ஆகவே நடந்ததைக் கேளுங்கள்.

டச்சுக்காரனான ஒல்லாந்துக்காரன் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த குப்பத்தில் குப்பம்மாதான் மருத்துவச்சி. அவளுக்கு முன்னே பிறந்த எதுவும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி, ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கி வந்ததாகப் பாவனை செய்து, அந்தப் பெயரையே வைத்தார்கள். குப்பையை எமன் சீண்டமாட்டான் என்று எண்ணம். சீண்டவில்லை. வளர்ந்து, அந்தக் கரையில் பாதிப் பேரை அவள்தான் பூமிக்கு இழுத்துப் போட்டாள்.

ஒருநாள் காட்டூரில் பேறு பார்த்துவிட்டுத் திரும்புகையில் ஊருக்கு வெளியே மேட்டில் கூட்டம். கோட்டை வேலைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு நின்றார்கள். ஓர் ஆள் உட்காரக்கூடிய பெரிய தாழி, பக்கவாட்டில் உடைந்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எலும்பு.

"இன்னாப்பா இது?"

"தெரியாதாக்கா? அந்தக் காலத்துல சனங்களுக்குச் சாவே இல்லியாம். வயசு ஏற ஏறக் குறுகிப்போயி குரங்குக்குட்டி மாதிரி ஆயிடுவாங்களாம். தாழில குந்தவச்சி, வெளக்கேத்தி, சோறும் வச்சி மூடிடுவாங்களாம்" என்றான் மண்வெட்டிக்காரன்.

குப்பம்மாவும் சிறுவயதில் கேட்ட கதைதான். நம்பியும் இருந்தாள். ஆனால் குனிந்து பார்த்தபோது கதை நிற்கவில்லை. தாடையில் பல் எல்லாம் தேயாமல் வரிசையாக இருந்தது. கடைசிப் பல் பாதிதான் முளைத்திருந்தது. இடுப்பெலும்பைக் கையில் எடுத்தாள். தோலுக்கு மேலாக எத்தனையோ முறை தடவி அறிந்த எலும்பு அது.

"கெழவியாவது ஒண்ணாவது! புள்ள பெக்குற வயசுப் பொண்ணுடா இவ" என்றாள்.

அவள் மேல் ஏரி மணலைச் சாண் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். அந்த மணலுக்கு மேலே, தனியாக, வேறொன்று கிடந்தது. குருவிக்கால் போல எலும்புகள். சோழி அளவு தாடையில் அரிசி முனையாக இரண்டு பல்.

குப்பம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போயிருந்தால் ஒன்றாக அல்லவா கிடக்க வேண்டும்? நடுவில் மணல் எப்படி வரும்? உடைந்த மூடியைத் திருப்பினாள். விளிம்பில் பூசியிருந்தது இரண்டு பூச்சு: அடியில் கறுப்புக் களிமண், அதன்மேல் செம்மண். ஒருமுறை மூடியதை மறுபடி திறந்திருக்கிறார்கள். தாய் முதலில் போயிருக்கிறாள். பிள்ளை, பல் முளைக்கும்வரை, ஆறேழு மாதம் பிழைத்திருக்கிறது.

யார் வளர்த்தது?

மணலைக் கிளறினாள். விரலில் தட்டுப்பட்டது ஒரு சின்னச் சங்கு, பால் புகட்டும் சங்கு. மூக்கு நுனி ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. எத்தனை வேளை அந்த வாய்க்குள் போய் வந்ததோ. முதுகில் கட்டைவிரல் பிடிக்கிற இடம் வழவழவென்றிருந்தது. குப்பம்மா தன் கட்டைவிரலை அங்கே வைத்தாள். பொருந்தியது. கோட்டை வருமுன்னே, குப்பம் வருமுன்னே, பெயர் தெரியாத ஒருத்தி தான் பெறாத பிள்ளையை மடியில் கிடத்தி, அது மறுத்தால் கன்னத்தைத் தட்டி, சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறாள். அவள் என்ன பாஷை பேசினாளோ! அந்தத் தட்டல் மட்டும் குப்பம்மா தட்டுகிற இதே தட்டல்தான்.

"எலும்பக் கொஞ்சிகினு குந்தாத. மழைக்கு முன்னாடி கோட்டைக்குச் செங்கல்லு போயாவணும்" என்றார் வேலையை நடத்திய மேஸ்திரி.

"இவங்கள எங்க வைக்கிறது?"

"மழை வந்தா வேல நிக்கும். அப்ப மிச்ச மேட்டுல பொதச்சிக்க. இப்ப அள்ளிகினு நட."

அள்ளிக்கொண்டு வந்தாள். ஈரம் போக முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தாள். பக்கத்து வீட்டு முனியம்மாள் வேலியில் எட்டிப் பார்த்தாள்; போதாதா?

"புள்ள எலும்பக் காய வச்சிகினு கீறாடி! தலச்சன் புள்ள மண்டைல மை போடப் போறா!"

அன்றோடு குப்பம்மாவைப் பேறுக்குக் கூப்பிடுவது நின்றது. முனியம்மாளின் மருமகள் வேலம்மாவுக்கு அது நிறைமாதம். மாமியார் அவளைக் குப்பம்மாவின் நிழல்கூடப் படாமல் காத்தாள். குப்பத்து நாட்டாண்மை தெய்வசிகாமணி வந்து வாசலில் நின்றார்.

"முகத்துவாரத்துல கொட்டிடு குப்பம்மா. கடல் கொண்டுபோவட்டும். பழையபடி எல்லா வூட்டுக் கதவும் தொறக்கும்."

"கடல்ல கொட்டுனா தாயி ஒருபக்கம், புள்ள ஒருபக்கம் போயிடும். ஒண்ணா வைக்கணும்னு மூடுன தாழியவே தொறந்து வச்சிக்கீறாங்க. பிரிக்க நான் யாரு நைனா?"

"செத்தவங்களுக்காவ உசுரோட கீறவங்கள வுட்டுடுவியா?"

குப்பம்மா முறத்தைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள்.

மாமியார் மீன் விற்கப் போயிருந்த வேளையில் வேலம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, பாக்கலாமா?"

குப்பம்மா சங்கை அவள் கையில் வைத்தாள். வேலம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வூட்டுல கீற சங்கு மாதிரியே கீதே!" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நான் செத்துட்டா எம்புள்ளைக்கு யாருக்கா ஊத்துவாங்க? எங்க மாமியாவா?"

"உங்க மாமியா திட்டிகினே ஊத்துவா. போடி."

வேலம்மா சிரித்தாள். சிரிப்பு நின்ற பின்னும் சங்கை உடனே திருப்பித் தரவில்லை.

மழை இறங்கியது. காட்டூரில் மண் வெட்டு நின்றதாகச் சேதி வந்தது. மறுநாள் வெளிச்சம் பரவியதும் குப்பம்மா புதுப்பானையில் தாயை அடுக்கி, மணல் பரப்பி, மேலே பிள்ளையையும் சங்கையும் வைத்து, வாயைத் துணியால் கட்டி இடுப்பில் ஏற்றினாள். கதவைத் திறந்தால் தெருவே நிற்கிறது. முன்னால் தெய்வசிகாமணி.

"அத்த எடுத்துகினு போனா திரும்ப இந்தக் குப்பத்துல காலு வைக்காத."

"மை டப்பாவப் பாருங்கடி!" என்றாள் முனியம்மாள்.

"அத்தே, எனக்கு வலி எடுத்தா அக்காவக் கூப்புட காட்டூருக்குத்தான் ஆள் அனுப்புவேன்" என்று பின்னாலிருந்து வேலம்மாவின் குரல் வந்தது. முனியம்மாள் திறந்த வாய் திறந்தபடியே நின்றாள்.

குப்பம்மா யாரையும் ஏசவில்லை. பானையின் கழுத்தைக் கையால் அணைத்துக்கொண்டாள்.

"வழி வுடுங்க நைனா. இடுப்புல கொழந்த கீது" என்றாள்.

தெய்வசிகாமணி பானையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒதுங்கினார். அவள் வாசலைத் தாண்டித் தூறலில் இறங்கி நடந்தாள்.