திரையில் ஓடிய பெண்ணுக்கு இடமில்லை

திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டு முழுக்கச் செய்த வேலையைக் கணினியில் ஒரு மின்தொகுப்பாகச் சேர்த்து வைப்போம், மதிப்பெண்ணோடு அதையும் பார்ப்போம் என்று தாளாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "செய்யுங்க மேடம். ஆனா கிளாஸ் நேரத்துல வேணாம்" என்றார். மதிய இடைவேளைகளில் செய்தோம்.

அதில் ஒரு தொகுப்பை நான் மறுபடி மறுபடி பார்த்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வரும் ஒரு பெண்ணுடையது. அவர்கள் நிலத்தில் வேர்க்கடலைச் செடியின், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையின், இலைகளில் கரும்புள்ளி விழுந்திருந்தது. அம்மாவின் போனில் அதைப் படம் எடுத்தபடியே பேசியிருந்தாள். "வெயில் ஜாஸ்தி, அதான் மல்லாட்டை இலை கருகுது" என்று முதல் வீடியோவில் அடித்துச் சொன்னாள். அடுத்ததில், மரநிழலில் நின்ற செடியிலும் அதே புள்ளியைக் கண்டு குழம்பினாள். போன பருவத்து இலைகள் மட்கிக் கிடந்த பக்கம்தான் புள்ளி முதலில் வந்தது என்பதை அவளே கவனித்தாள். கடைசி வீடியோவில் இது பூஞ்சைநோய் என்றும், தான் முதலில் சொன்னது ஏன் தவறு என்றும் நிதானமாக விளக்கினாள்.

ஆனால் அவள் எழுதுவதில் மெதுவானவள். பொதுத்தேர்வில் பாதிக் கேள்விகளை முடிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு கேட்டபோது தாளாளர் மறுத்துவிட்டார். மடிக்கணினியோடு அவர் அறைக்குப் போனேன்.

"மார்க் கம்மிதான் சார். இந்தப் பொண்ணு எப்படி யோசிச்சிருக்குதுனு கொஞ்சம் பாருங்க."

"வீடியோவப் பாத்து சீட்டு குடுத்தா ரிசல்ட் யாரு குடுப்பாங்க?"

திரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு, அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையில் எங்கள் பள்ளி நீர்மோர்ப் பந்தல் போட்டது. மோர் ஊற்றுவது ஆசிரியர்களின் வேலை. பந்தலுக்குள் ஒரு பெரிய எல்.இ.டி. திரை, 'சேர்க்கை நடைபெறுகிறது' என்ற எழுத்து. மாலையில் திரையை ஓடவிட்டார்கள். என் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. அந்தப் பெண் திரையில் பூஞ்சைநோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசி வீடியோ மட்டும். கீழே, 'எங்கள் மாணவர்கள் சிந்திக்கிறார்கள்.'

கொஞ்ச நேரத்தில் அவளும் அவள் அம்மாவும் மலை சுற்றியபடி அங்கேயே வந்து நின்றார்கள். அம்மா திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், விளம்பரத்துக்கு எம் பொண்ணு வேணும். படிக்கிறதுக்கு மட்டும் இடம் இல்லீங்களா?"

பின்னால் தாளாளர் யாருக்கோ விபூதி நீட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு இங்கதான் நிக்குது. சீட்டு குடுங்க. இல்லனா வீடியோவ நிறுத்துங்க."

"அது ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இருந்தது மேடம். ஸ்கூலுக்குச் சொந்தம்."

திரைக்குப் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கினேன். மோருக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை அப்படி நிற்க வைத்தவர்கள் மேல்தான் இன்றைக்கும் என் ஆத்திரம்.

மறுநாள் முழுத் தொகுப்பையும் அவள் அம்மாவின் போனில் ஏற்றி, அவர்களோடு ஓர் அரசுப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை முதல் வீடியோவிலிருந்தே பார்த்தார்.

"தப்பா சொன்னதையும் அழிக்காம வச்சிருக்கியே, ஏன்?" என்று அவளைக் கேட்டார்.

"அத அழிச்சிட்டா எப்படிக் கண்டுபிடிச்சேன்னு தெரியாதுங்க மிஸ்."

உயிரியல் பிரிவு கிடைத்தது.

என்னிடம் விளக்கம் கேட்டு எங்கள் பள்ளியிலிருந்து மெமோ வந்தது. 'செய்தது சரியே' என்று எழுதிக் கொடுத்தேன். வேலையை விட்டு நீக்கவில்லை. கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில் அறிவியலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் தாளாளரே அறிவித்தார்: இனி எல்லா வகுப்புக்கும் மின்தொகுப்பு, நன்றாக வந்ததை மட்டும் ஏற்ற வேண்டும்.

எழுந்து நின்று, தவறும் இருக்கணும், எல்லாப் பிள்ளைக்கும் இருக்கணும், பிள்ளையைக் கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாது என்றேன்.

"உட்காருங்க மேடம்" என்றார்.

நான் உட்காரவில்லை.