பிரேசில்காரனின் கௌரிக்காப்பு

உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் சூடான ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. காற்பந்துத் திடல்களின் செயற்கைப் புல்லில் தூவும் கறுப்புத் துகள்களின் மணம். நோர்வேயின் ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் குடியிருப்பின் நிலக்கீழ்ச் சலவை அறையில், யாரோ ஒரு பிள்ளையின் காலுறையோடு வந்திருக்கும். எனக்கோ மூன்றாம் மாடிப் பிரேசில்காரன் நினைவுக்குள் இறங்கி வந்துவிட்டான்.

சலவை அறையில் அவனுடைய முறைக்கு அடுத்தது எங்கள் முறை. என் சட்டைப் பைகளில் மிளகுபோல அந்தத் துகள்கள் கிடக்கும். ஒருநாள் சண்டை பிடிக்கவென்று மேலே போன மனைவி, "பாவம் அந்தப் பெடியன், முழங்கால் வீங்கிக் கிடக்கு" என்று திரும்பி வந்து எலும்பு ரசம் வைத்தாள். பெடியனாம்! முப்பத்தைந்தைத் தாண்டியவன். பந்தடியில் அது கிழப்பருவம்.

தொழில்முறை ஆட்டக்காரன்தான், ஆனால் பெயர் சொல்லும்படி ஒரு கழகமும் இல்லை. எங்காவது ஒரு பின்கள வீரனுக்குக் கால் முறிந்தால் இவனைக் கூப்பிடுவார்கள், இவன் போவான். போன இடங்களைத் தரையால்தான் நினைவு வைத்திருந்தான். சொந்த ஊரில் சிவப்புப் புழுதி. போர்த்துக்கலில் மழை ஊறிய புல். மால்டாவில் சட்டிபோல் இறுகிய நிலம். பரோ தீவுகளில், உதைப்பதற்கு வைத்த பந்து காற்றில் உருளாமல் இருக்க ஒருவன் குப்புறப் படுத்து விரலால் பிடிக்க வேண்டுமாம். கடைசியில் இங்கே, ரயிலில் சில தரிப்புகள் தள்ளி ஒரு சின்னக் கழகம். அவன் சொல்லச் சொல்ல, ஓரிடத்தில் இருக்கத் தெரியாத என் கால்களும் மேசைக்கடியில் ஆடும்.

அவனுக்கு மனைவியும் ஒரு மகளும். மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு நாட்டில் பிறந்து, இன்னொன்றில் பல் முளைத்து, இங்கே அந்தப் பல் விழத் தொடங்கியிருந்தது. "முதன்முதலா அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கிறாள்" என்றான், எங்கள் மூவருக்கும் பொதுவான உடைந்த நோர்வேஜிய மொழியில். "இனி அவளை இடம் மாத்த எனக்கு மனமில்லை." கழகம் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினால் தங்கலாம். இல்லையென்றால் பிள்ளைக்கு இன்னொரு நாடு, இன்னொரு பள்ளிக்கூடம்.

அந்த ஐப்பசியில் மனைவி கௌரி விரதம் இருந்தாள். கடைசி நாள் கோயிலில் தனக்கும் எனக்கும் காப்பு நூல் வாங்கியவள், மூன்றாவதாக ஒன்றும் கொண்டுவந்தாள்.

"இது ஆருக்கு?"

"மேல்வீட்டுத் தம்பிக்கு."

"அவன் வேதக்காரன் எல்லே, சேர்ச்சுக்குப் போறவன்?"

"கௌரி அம்மாள் உதெல்லாம் பாக்க மாட்டா. நீங்கள் சும்மா இருங்கோ."

அவன் மறுபேச்சின்றி வலக்கையை நீட்டினான். "எங்கடை ஊரிலையும் கையிலை நாடா கட்டுவினம். தானா அறுமட்டும் கழட்டக் கூடாது."

"இஞ்சையும் அதுதான் சட்டம்" என்று மனைவி இறுக்கி முடிந்தாள். அவன் கண்ணை மூடி எதையோ கேட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பருவத்தின் கடைசி ஆட்டம். வடையும் தேநீர்க் குடுவையுமாகப் போய்க் குளிரில் உட்கார்ந்தோம். ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் பயிற்றுநர் அவனை மாற்று ஆட்டக்காரர் வாங்கிலிருந்து எழுப்பினார். மேலங்கியைக் கழற்றிக் கோட்டருகே வந்தவனின் மணிக்கட்டைத் துணை மத்தியஸ்தர் சுட்டிக் காட்டினார். மோதிரம், சங்கிலி, நூல் எதுவும் களத்துக்குள் கூடாது. அந்த விதி அவனுக்கும் தெரியும், பந்தடி பார்த்தே வளர்ந்த எனக்கும் தெரியும். கௌரிக்காப்பும் நூல்தான் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

உடுப்புகளுக்குப் பொறுப்பானவர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். இவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பயிற்றுநர் கத்தினார். மனைவி எழுந்துவிட்டாள்.

"வெட்டு தம்பி! வெட்டு! அம்மாள் கோவிக்க மாட்டா!"

"நீர்தானே கழட்டக் கூடாதெண்டனீர்?" என்றேன் நான்.

"பந்தடி முடியப்போகுதப்பா! சட்டத்தைப் பிறகு பாப்பம்."

முன்வரிசை நோர்வேக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் விளங்காவிட்டாலும், அவள் விரல்களைக் கத்தரிபோல் ஆட்டியது அவனுக்கு விளங்கியது. சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். உள்ளே போனான். வானத்திலிருந்து விழுந்த ஒரு பந்தைத் தலையால் தள்ளினான். விசில் ஊதிவிட்டார்கள்.

சில நாளில் எங்கள் கதவைத் தட்டி, கழகம் ஒப்பந்தத்தை நீட்டவில்லை என்றான். மனைவி அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். "நான் வெட்டச் சொன்னதாலைதான்."

"இல்லை அக்கா. நீங்கள் காப்புக் கட்டுறதுக்கு முதலே அவங்கள் சொல்லிப்போட்டாங்கள். காப்புக் கட்டேக்கை நான் அம்மாளிட்டை ஒப்பந்தம் கேக்கேல்லை. பிள்ளை இஞ்சை நிக்கவேணும் எண்டுதான் கேட்டனான்."

மார்கழியில், பக்கத்து ஸ்டோவ்னரில், மழலையர் பள்ளிச் சமையலறையில் ஆள் வராத நாட்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த அவன் மனைவியை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். அம்மாளின் வேலை என்றாள் என் மனைவி. அந்தப் பெண் சுடுகிற பாணின் வேலை என்றேன் நான். அந்தச் சம்பளத்தில் தாயும் மகளும் மூன்றாம் மாடியிலேயே தங்குவதாக முடிவானது. அவனை வடக்கே, வெயில் வராத ஊரில் ஒரு கழகம் கூப்பிட்டது. அங்கே ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தது.

தைப் பனியில் ஹவுகன்ஸ்டுவா ரயில் மேடையில் நின்றோம். தாய் வேலைக்குப் போயிருந்தாள். மகளின் கை என் மனைவியின் கைக்குள் இருந்தது. எத்தனையோ மொழியில் விடைபெற்றுப் பழகியவன், கதவருகே நின்று பையின் பட்டியை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். பிள்ளைதான் கேட்டாள், தகப்பனோடு அவள் இப்போது அதிகம் பேசும் நோர்வேஜிய மொழியில்:

"பப்பா, இந்தமுறை உங்கடை சாமான் மட்டும்தானே போகுது?"

"ஓம் குஞ்சு. என்ரை மட்டும்தான்."